அழித்தாலும் மீண்டும் எரியும் மஞ்சள் விளக்கு: வன்னி வாகனங்களின் இழுவை எங்கே போனது?

ஓமந்தையில் இருந்து கிளிநொச்சி வரை ஏ9 வீதியோரக் கராஜ்களில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. "செக் எஞ்சின் லைற் எரியுது, வண்டியில இழுவையும் இல்லை." அதற்குப் பல இடங்களில் கிடைக்கும் வைத்தியமும் ஒன்றுதான். ஸ்கானரைப் பூட்டி, பதிவாகியிருக்கும் கோட்டை அழித்துவிடுவார்கள். விளக்கு அணையும், காசு கைமாறும். சில நாட்களில் அதே மஞ்சள் விளக்கு மீண்டும் எரியும். இரண்டாவது, மூன்றாவது தடவை அழித்தும் சரிவராதபோது சென்சர் ஒன்றை மாற்றச் சொல்வார்கள். அதுவும் சரிவராவிட்டால் இன்னொன்று.

கார் வைத்திருப்பவர்களின் சின்னக் கவலை என்று இதைத் தள்ளிவிட முடியாது. வன்னியில் வாகனம் என்பது பெரும்பாலும் உழைப்புக்கான பொருள். ஹயருக்கு ஓடும் வான், மரக்கறியும் நெல்லும் ஏற்றும் பட்டா, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றியிறக்கும் சிறிய கார் ஆகியவற்றில் பல லீசிங்கில் எடுக்கப்பட்டவை. வாகனம் ஒரு கிழமை கராஜில் நின்றால் அந்த மாதத் தவணை தவறும். தவணைகள் தொடர்ந்து தவறினால் வாகனமே போய்விடும். உள்ளூர்க் கிராமங்களில் இரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால், வவுனியா அல்லது கிளிநொச்சி வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதும் அயலில் உள்ள யாரோ ஒருவருடைய வாகனம்தான். இழுவை இல்லாத வாகனம் பாதிவழியில் நின்றுவிடுமோ என்ற அச்சம் அங்கே உயிர் பற்றிய அச்சமாகிறது.

திரும்பத் திரும்ப எரியும் விளக்கு, காரணம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதையே சொல்கிறது. காரணத்தைத் தேடும் செலவு, விளக்கைப் பலமுறை அழிக்கும் செலவைவிடப் பெரும்பாலும் குறைவு. அப்படியிருந்தும் அது தேடப்படாமல் போவதற்குச் சாரதிகளையோ மெக்கானிக்குகளையோ மட்டும் குறைசொல்ல முடியாது. வாகன இறக்குமதிக் கொள்கை, எரிபொருளின் தரம், தொழிற்பயிற்சியில் உள்ள இடைவெளி ஆகிய மூன்றும் இதற்குள் இருக்கின்றன.

வயதேறிய வாகனங்கள்

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றோடு இலங்கை அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. அந்நியச் செலாவணியைச் சேமிப்பதற்கான தற்காலிக நடவடிக்கை எனத் தொடங்கிய தடை, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரி வரை ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நீடித்தது. இடையில் 2022 இல் பொருளாதாரம் சரிந்தது. ஒரு டொலருக்கு 200 ரூபாவை ஒட்டியிருந்த நாணயமாற்று சில வாரங்களில் 360 ரூபாவை எட்டியது. உதிரிப்பாகங்களின் விலை அதற்கேற்பப் பாய்ந்தது. பாவித்த வாகனங்கள் பல, வாங்கிய விலையை விடக் கூடிய விலைக்கு விற்கப்பட்ட விசித்திரமும் நடந்தது.

தடை நீக்கப்பட்ட பின்னரும் சுங்க வரி, அதன் மேலான மேலதிக வரி, உற்பத்தி வரி, 18 சதவீத வற் வரி எனச் சேரும்போது புதிய வாகனம் சாதாரண உழைப்பாளிக்கு எட்டாத தூரத்திலேயே நிற்கிறது. ஆகவே பழையதை வைத்து ஓடவேண்டியதுதான். பத்து, பதினைந்து வருடம் ஓடிய ஜப்பானிய றீகண்டிசன் கார்களும் இந்தியச் சிறு கார்களும் கொழும்பிலும் கண்டியிலும் பல கைமாறி, ஈற்றில் வன்னிக்கு வந்து சேர்கின்றன. அவற்றின் முன்னைய பராமரிப்புப் பதிவு புதிய உரிமையாளருக்குக் கிடைப்பதில்லை. வாகனத்தோடு அதன் பழைய நோய்களும் சேர்ந்தே வருகின்றன.

மண்ணெண்ணெயில் ஓடிய காலம்

1990 களின் பொருளாதாரத் தடையை அனுபவித்தவர்களுக்கு வாகனக் கோளாறு புதிதல்ல. பெற்றோல் கிடைக்காத, கிடைத்தாலும் வாங்க முடியாத காலம் அது. சிறு போத்தலில் வைத்திருந்த சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீச்சி எஞ்சினை இயக்கி, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பழைய மொரிஸ், ஒஸ்ரின் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் அப்படித்தான் ஓடின. உதிரிப்பாகம் இல்லாத இடத்தில் ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழற்றிப் பூட்டி, கடைந்து, ஒட்டிச் சரிக்கட்டிய மெக்கானிக் தலைமுறை ஒன்று அந்த நெருக்கடிக்குள் உருவானது.

2002 போர்நிறுத்தத்தோடு ஏ9 வீதி திறந்தபோது ஓமந்தை பெரும் சோதனைச்சாவடி ஆனது. தடைக்காலத்தில் வன்னிக்குள் அடைபட்டுக் கிடந்த பழைய வாகனங்களும், தெற்கில் இருந்து வந்த புதிய வாகனங்களும் அங்கே வரிசையில் நின்றன. 2009 இல் முள்ளிவாய்க்கால் வரை மக்கள் கொண்டுபோன வாகனங்கள் எரிந்தும் துருப்பிடித்தும் அங்கேயே குவிந்து கிடந்தன. மீள்குடியேறிய பின்னர் பலரும் கடனில் வாங்கியவை வேறு தலைமுறை வாகனங்கள். காபரேற்றருக்குப் பதிலாக இன்ஜெக்ரர், டிஸ்ரிபியூற்றருக்குப் பதிலாகத் தனித்தனிக் கொயில், எல்லாவற்றையும் ஆளும் ஒரு சிறு கணினி.

கைப்பழக்கத்தால் காதாலும் மூக்காலும் நோய் கண்டுபிடித்த தலைமுறையின் திறமை இன்றைக்கும் பெறுமதியானதே. ஆனால் அந்தக் காலத்தின் சில பழக்கங்கள் இந்த வாகனங்களுக்குப் பொருந்துவதில்லை. ஒரு உதாரணம் தேமோஸ்ரற் வால்வு. "எங்கட வெயிலுக்கு இது தேவையில்லை" என்று அதைக் கழற்றி எறிவது நீண்டகாலப் பழக்கம். பழைய எஞ்சின் அதைப் பொறுத்துக்கொண்டது. இன்றைய எஞ்சினின் கணினியோ, தண்ணீர் உரிய சூட்டுக்கு வரவில்லை என்று கண்டதும் எஞ்சின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று கருதி எரிபொருளைக் கூட்டி விடும். எரிபொருள் செலவு கூடும், பிளக் கரிபிடிக்கும், வேகம் எடுக்கச் சுணங்கும். சில நாட்களில் பி0128 என்ற கோட்டோடு விளக்கும் எரியும். மெக்கானிக் கோட்டை அழிப்பார். வால்வு இல்லாத இடம் அப்படியே இருக்கும்.

விளக்கு எதைச் சொல்கிறது

இந்த எச்சரிக்கை முறையின் பிறப்பிடம் கலிபோர்னியா. வாகனப் புகையால் மூச்சுத் திணறிய அந்த மாநிலம், புகையைக் கட்டுப்படுத்தும் பாகங்கள் பழுதானால் வாகனமே அதைத் தெரிவிக்க வேண்டும் என்று விதித்தது. 1996 மாதிரி ஆண்டில் இருந்து அமெரிக்கா முழுவதும் ஒரே விதமான கோட்டும் ஒரே விதமான செருகியும் கட்டாயமாகின. ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கு 2001 இல் அதே ஏற்பாடு வந்தது. ஸ்ரேறிங்குக்குக் கீழே ஸ்கானர் பூட்டும் அந்த 16 ஊசிச் செருகி அப்படி வந்ததுதான். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்ட பழைய மாதிரிகள் சில பொதுவான ஸ்கானரோடு முழுமையாகப் பேசாது என்பதையும் கவனிக்க வேண்டும்.

கணினி ஒரு தவறைக் கண்டவுடனேயே விளக்கை எரிப்பதில்லை. பல தவறுகளில் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களிலும் அதே தவறு தெரிந்தால்தான் எரிக்கும். அந்தக் கணத்தில் எஞ்சினின் வெப்பம், வேகம், சுமை ஆகியவற்றையும் ஒரு படம்போலச் சேமித்து வைக்கும். மேட்டில் ஏறும்போதா, சும்மா நிற்கும்போதா, காலையில் குளிரில் இயக்கியபோதா தவறு வந்தது என்று சொல்லும் சாட்சியம் அது.

விளக்கு மஞ்சளாக நிலையாக எரிந்தால், வாகனம் வழமைபோல ஓடும்வரை மெதுவாக ஓட்டிக் கராஜுக்குப் போகலாம். மினுங்கினால் நிலைமை வேறு. எஞ்சினுக்குள் எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குப் போய், அங்குள்ள கற்றலிற்றிக் கொன்வேற்றரைச் சூடாக்கி அழித்துக்கொண்டிருக்கிறது என்பது அதன் பொருள். உடனே வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்த வேண்டும். சிவப்பில் எரியும் ஒயில் விளக்கையும் வெப்ப விளக்கையும் இதனோடு குழப்பக் கூடாது. அவை எரிந்தால் அடுத்த சந்தி வரை என்றுகூட ஓடக் கூடாது.

கோட் என்பது குற்றவாளியின் பெயர் அல்ல. எந்தப் பக்கம் தேட வேண்டும் என்ற தகவல் மட்டுமே. பி0171 என்றால் எரிபொருளுக்கு மிஞ்சிய காற்று போகிறது என்று அர்த்தம். ஒட்சிசன் சென்சர் பழுது என்று அர்த்தம் அல்ல. அந்தச் சென்சர் தன் கடமையைச் செய்து உண்மையைச் சொல்லியிருக்கிறது. சொன்னவரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிய சென்சரைப் பூட்டினால், அதுவும் அதே உண்மையைத்தான் சொல்லும். தேவையில்லாமல் மாற்றப்படும் பாகங்களுக்கு வன்னியில் செலவாகும் பணத்தில் ஒரு பங்கு இப்படித்தான் போகிறது.

அழிப்பதால் இழப்பது

கோட்டை அழிக்கும்போது விளக்கு மட்டும் அணைவதில்லை. சேமிக்கப்பட்ட சாட்சியமும் சேர்ந்து போகிறது. பற்றரி வயரைக் கழற்றிப் பூட்டினாலும் பல வாகனங்களில் இதே கதைதான். அடுத்த மெக்கானிக்கிடம் போகும்போது அவர் பூச்சியத்தில் இருந்து தொடங்க வேண்டும்.

பாவித்த வாகனம் வாங்குபவர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. விற்பதற்கு முதல் நாள் கோட்டை அழித்து, விளக்கில்லாமல் காட்டுவது சுலபம். கண்டுபிடிக்கவும் வழி உண்டு. கோட் அழிக்கப்பட்ட பின்னர், கணினி தன் சுயபரிசோதனைகளை முடிப்பதற்குச் சில நாள் ஓட்டம் தேவை. அதுவரை ஸ்கானரில் அந்தப் பரிசோதனைகள் "முடியவில்லை" என்றே காட்டும். நாள்தோறும் ஓடிய வாகனம் என்று சொல்லிக்கொண்டு, பரிசோதனை பல முடியாமல் கிடந்தால், அண்மையில் யாரோ அழித்திருக்கிறார்கள் அல்லது பற்றரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

இதைவிட எளிய சோதனையும் உண்டு. திறப்பைத் திருப்பி, எஞ்சினை இயக்காமல் டாஷ்போர்ட்டைப் பாருங்கள். செக் எஞ்சின் விளக்கு அப்போது கட்டாயம் எரிய வேண்டும், எஞ்சின் இயங்கியதும் அணைய வேண்டும். தொடக்கத்திலேயே எரியவில்லை என்றால் பெரும்பாலும் பல்ப்பைக் கழற்றியிருப்பார்கள் அல்லது மறைத்திருப்பார்கள். புலம்பெயர்ந்த உறவினர்கள் வாழும் இங்கிலாந்தில் 2018 மே மாதம் முதல், இந்த விளக்கு எரிந்தபடி இருந்தாலோ எரியவே முடியாமல் இருந்தாலோ வருடாந்தப் பரிசோதனையில் வாகனம் தோற்றுவிடும்.

இழுவை போகும் இடங்கள்

எஞ்சினுக்குக் காற்று, எரிபொருள், தீப்பொறி, புகை வெளியேறும் வழி ஆகிய நான்கும் சரியாக இருந்தால் இழுவை இருக்கும். தேடலும் அந்த வரிசையில், மலிவானதில் இருந்து விலை கூடியதை நோக்கிப் போக வேண்டும்.

முதலில் காற்று. ஏ9 வீதி காப்பெற்றாக இருந்தாலும், அதில் இருந்து பிரியும் உள்வீதிகள் பல இன்னும் கிரவல்தான். கோடையில் அந்தச் செம்மண் புழுதி எயார் பில்ரரை அடைத்துவிடும். கொழும்பில் ஓடும் காருக்குக் கைநூலில் சொல்லப்பட்ட கால அளவு இங்கே பொருந்தாது. பில்ரர் இல்லாமலோ கிழிந்த பில்ரரோடோ ஓடினால், உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சரில் தூசி படியும். அது குறைவாக அளக்கும், கணினி குறைவாகப் பெற்றோல் கொடுக்கும், வண்டி இழுக்காது. இந்தச் சென்சரைப் பெரும்பாலும் அதற்குரிய திரவத்தால் கழுவினாலே போதும். எலி கடித்த ரப்பர்க் குழாய், வெடித்த இணைப்புக் குழாய் என்பனவும் இதே விளைவைத் தரும்.

பி0171 வந்தால் ஒரு சோதனை பாதி விடையைத் தந்துவிடும். கணினி எவ்வளவு எரிபொருளைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்கிறது என்ற அளவு ஸ்கானரில் சதவீதமாகத் தெரியும். எஞ்சின் சும்மா நிற்கும்போது அது மிகக் கூடுதலாக இருந்து, நிமிடத்துக்கு 2500 சுற்று வரை முறுக்கியதும் சாதாரண நிலைக்கு வந்தால், எங்கோ காற்று ஒழுகுகிறது. மாறாக, ஓட ஓட, சுமை ஏற ஏற அது கூடினால், எரிபொருள் போதாமல் வருகிறது அல்லது காற்றுச் சென்சர் தவறாக அளக்கிறது. கோட்டைப் பார்த்து அழிப்பதற்கு எடுக்கும் நேரத்தைவிடச் சில நிமிடங்கள்தான் இதற்குக் கூடுதலாகத் தேவை.

அடுத்து எரிபொருள் வரும் வழி. கையில் காசு உள்ள அளவுக்கு ஐந்நூறு ரூபாவுக்கும் ஆயிரம் ரூபாவுக்கும் அடிப்பது எங்கள் பகுதியில் சாதாரணம். ஆனால் இன்றைய கார்களில் பெற்றோல் பம்ப் தாங்கிக்குள் இருக்கிறது, அதைச் சுற்றியுள்ள பெற்றோல்தான் அதைக் குளிர்விக்கிறது. எப்போதும் அடிமட்டத்தில் ஓடும் வாகனத்தில் பம்ப் சூடாகி விரைவில் தளரும், அடியில் படிந்த கசடும் மேலே இழுபடும். முடிந்தால் கால் தாங்கிக்குக் கீழே போகாமல் வைத்திருப்பது நீண்டகாலத்தில் லாபம்.

மூன்றாவது தீப்பொறி. பி0301 என்றால் முதலாவது சிலிண்டர் மிஸ் அடிக்கிறது. நான்கு கொயிலையும் மாற்றச் சொன்னால் உடனே சம்மதிக்க வேண்டாம். முதலாவது சிலிண்டரின் கொயிலை இரண்டாவதில் பூட்டி, இரண்டாவதை முதலாவதில் பூட்டி ஓடிப் பார்க்கச் சொல்லுங்கள். கோட் பி0302 ஆக மாறினால் கொயில்தான் பழுது, ஒன்றை மாற்றினால் போதும். மாறாமல் பி0301 ஆகவே இருந்தால், பிளக், இன்ஜெக்ரர், கொம்பிரசன் என்று தேடலைத் தொடர வேண்டும். இதற்கு எந்தப் பாகமும் வாங்கத் தேவையில்லை.

நான்காவது புகைவழி. மிஸ் அடித்தபடியோ ஒயில் எரித்தபடியோ பல மாதம் ஓடிய காரில் கற்றலிற்றிக் கொன்வேற்றர் உருகி அடைபடும். புகை வெளியே போகாவிட்டால் புதுக் காற்று உள்ளே வராது. அக்சிலேற்றரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி ஒரு வேகத்துக்கு மேல் போகாது. பி0420 என்ற கோட்டுக்கு "உள்ளே இருக்கிறதை எடுத்துவிட்டால் பறக்கும்" என்ற ஆலோசனை சில இடங்களில் கிடைக்கும். எடுத்தால் இழுவை வரக்கூடும், ஆனால் விளக்கு நிரந்தரமாக எரியும், புகைப் பரிசோதனையில் பெற்றோல் வாகனம் சிக்கும். அதில் பிளாற்றினம், பலேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் உள்ளன என்பதையும் உரிமையாளர் அறிந்திருக்க வேண்டும். கழற்றிய பாகம் உங்களுடையது, கேட்டு வாங்குங்கள். மூலகாரணமான மிஸ்ஸைத் திருத்தாமல் புதிய கொன்வேற்றர் பூட்டினால் அதுவும் அதே வழியில் போகும்.

டீசல் பிக்கப், வான் வைத்திருப்பவர்கள் சந்திப்பது வேறு வகை. ரேர்போக் குழாய் வெடித்தாலோ, புகையை மீளச் சுழற்றும் வால்வு கரியால் அடைபட்டாலோ கணினி தன்னைக் காத்துக்கொள்ள வலுவைக் குறைத்துவிடும். வண்டி ஆமை வேகத்தில் மட்டும் போகும். அணைத்து இயக்கினால் சிறிது நேரம் சரியாகி மீண்டும் அப்படியே வரும். பி0299, பி0401 போன்ற கோட்கள் இதைச் சொல்லும்.

ஹைபிரிட் கார்களில் பி0A80 வந்தவுடன் "பற்றரி முடிஞ்சுது" என்று பெருந்தொகை ஒன்றைச் சொல்வார்கள். சில வேளைகளில் அது உண்மை. ஆனால் பின் ஆசனத்தின் அருகே உள்ள துவாரத்தால் காற்றை இழுத்துப் பற்றரியைக் குளிர்விக்கும் விசிறி, தூசியால் அடைபட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வன்னியின் வெயிலில் அடைபட்ட விசிறி பற்றரியின் ஆயுளைக் குறைத்துவிடும். நூறு வோல்ற்றுக்கு மேற்பட்ட மின்சாரம் உள்ள பகுதி என்பதால், பயிற்சி இல்லாதவர்கள் கைவைக்கவே கூடாது.

தாங்கிக்குள் என்ன இருக்கிறது

2022 யூன் இறுதியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாகவும் ஒட்டோ டீசல் 460 ரூபாவாகவும் இருந்தன. அதே நாட்களில் மண்ணெண்ணெய் 87 ரூபா. அந்த ஆண்டு ஓகஸ்ட்டில்தான் அது 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஒரு லீற்றருக்கு 370 ரூபாவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கலப்படம் செய்யத் தூண்டுதல் எவ்வளவு இருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. வரிசையில் நாட்கணக்கில் நின்ற மக்கள் எந்தக் கானில், எங்கிருந்து வந்தது என்று கேட்கும் நிலையிலும் இருக்கவில்லை. யூலையில் வந்த கியூ.ஆர். பங்கீட்டு முறை 2023 செப்ரெம்பர் தொடக்கத்தில் நீக்கப்பட்டது. ஆனால் அந்த நாட்களில் எதை எரித்தோம் என்பதற்கான விலையை இன்ஜெக்ரர்களும் டீசல் பம்புகளும் பின்னரே கட்டின.

தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய வாகனம் இன்று ஏன் ஓடாது என்று கேட்பவர்கள் உண்டு. பழைய எஞ்சின்களின் அமுக்கம் குறைவு, அவை பொறுத்துக்கொண்டன. இன்றைய எஞ்சினில் தரம் குறைந்த எரிபொருள் உரிய நேரத்துக்கு முன்பே வெடித்து எரியும். அந்தத் தட்டலைச் சென்சர் ஒன்று கேட்டு, கணினி தீப்பொறியைப் பிந்தவைக்கும். எஞ்சின் தப்பும், இழுவை போகும். இதில் விளக்கு எரியாமலும் இருக்கலாம். டீசலில் மண்ணெண்ணெய் கலந்தால் வழுவழுப்புக் குறைந்து, உயர் அழுத்தப் பம்பின் உலோகங்கள் உரசித் தேயும்.

இந்தச் சந்தேகம் வந்தால், எரிபொருளில் சிறிது எடுத்து மூடிய கண்ணாடிப் போத்தலில், அடுப்பும் நெருப்பும் இல்லாத இடத்தில் ஓரிரவு வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும். மாரி காலத்துக்குப் பின்னர் வரும் இழுவைக் குறைவுக்கு இது முதற் சோதனை. நிரப்பிய பற்றுச்சீட்டை வைத்திருங்கள். ஒரே நிலையத்தில் அடித்த பின்னர் பல வாகனங்களுக்கு இப்படி நேர்ந்தால், நுகர்வோர் விவகார அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம். பற்றுச்சீட்டு இல்லாத முறைப்பாடு வெறும் கதையாகிவிடும். அதேவேளை, 92 இல் ஓடுவதற்காகச் செய்யப்பட்ட சிறிய காருக்கு 95 அடிப்பதால் விளக்கு அணையப் போவதில்லை. அந்தக் காசை பில்ரருக்குச் செலவிடலாம்.

கராஜில் கேட்க வேண்டியவை

கோட்டை அழிப்பதற்கு முன்னர் அதன் இலக்கத்தையும், சேமிக்கப்பட்ட விபரத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தச் சோதனையின் பின்னர் இந்தப் பாகம் பழுது என்று முடிவுசெய்தார்கள் என்று கேளுங்கள். "பெரும்பாலும் இதாத்தான் இருக்கும்" என்பது சோதனை அல்ல. கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள். எந்தத் திகதியில், எத்தனையாவது கிலோமீற்றரில் என்ன செய்யப்பட்டது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். மூன்றாவது தடவை விளக்கு எரியும்போது அந்தக் கொப்பி எந்த ஸ்கானரையும் விட அதிகம் சொல்லும்.

நல்ல மெக்கானிக்குகள் இந்தக் கேள்விகளால் கோபப்படுவதில்லை. தேடுவதற்கும் கூலி உண்டு என்பதை வாடிக்கையாளரும் ஏற்க வேண்டும். "ஒண்டும் மாத்தேல்லை, பிறகென்ன காசு?" என்று கேட்டால், அடுத்த முறை ஏதாவது ஒன்றை மாற்றித்தான் காசு வாங்குவார்கள். கண்டுபிடிப்பதற்குக் கூலி கொடுக்காத ஊரில் பாகம் மாற்றுவதே தொழிலாகிவிடும்.

பொறுப்பு யாருடையது

கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் 2016 முதல் இயங்குகிறது. வாகனத் தொழில்நுட்பமும் அங்கே கற்பிக்கப்படுகிறது. பாடசாலை முடித்த இளைஞர்களுக்கு அது நல்ல வாய்ப்பு. ஆனால் ஓமந்தையிலும் புளியங்குளத்திலும் மாங்குளத்திலும் ஏற்கெனவே கராஜ் நடத்தும் நாற்பது, ஐம்பது வயதுக்காரர் கடையைப் பூட்டிவிட்டு முழுநேர வகுப்புக்குப் போக முடியாது. அவர்களுக்கு வேண்டியவை வார இறுதி அல்லது மாலை நேரக் குறுங்காலப் பயிற்சிகள். அனுபவத்தை மதிப்பிட்டுத் தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை இலங்கையில் இருக்கிறது. அதைக் கிராமத்துக் கராஜ்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால் பெரிய மாற்றம் வரும். நல்ல ஸ்கானர் ஒவ்வொருவரும் வாங்கக்கூடிய பொருள் அல்ல. பிரதேச மட்டத்தில் கூட்டுறவாக ஒன்றை வைத்திருப்பது முடியாத காரியமும் அல்ல. கூட்டுறவு வன்னிக்குப் புதிய சொல்லும் அல்ல.

உதிரிப்பாகங்களுக்கு இன்னமும் 250 கிலோமீற்றர் தாண்டிக் கொழும்பு பஞ்சிகாவத்தையையே நம்பியிருக்கிறோம். பஸ்ஸில் வரும் பொதியைப் பிரித்த பின்னர்தான் அது போலியா அசலா என்று தெரியும். பிழையாக இருந்தால் இன்னும் இரண்டு நாள் வாகனம் நிற்கும். புதிய வாகனத்துக்கு வரி கூட்டுவதை வருமானத் தேவை என்று அரசாங்கம் நியாயப்படுத்தலாம். ஐந்து ஆண்டுகள் பழையதையே ஓட்டுங்கள் என்று சொன்ன அரசாங்கத்துக்கு, அந்தப் பழையதைப் பாதுகாப்பாக ஓட்டத் தேவையான பாகங்கள் நியாயமான விலையில் கிடைப்பதை உறுதிசெய்யும் கடமையும் உண்டு.

எரிபொருள் நிலையங்களில் அளவும் தரமும் முறையாகச் சோதிக்கப்பட்டு, அதன் முடிவுகள் மாவட்டவாரியாகத் தமிழிலும் வெளியிடப்பட வேண்டும். புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் வாகன வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. 2008 இல் தொடங்கிய அந்த நடைமுறைக்காக மக்கள் ஒவ்வொரு வருடமும் பணம் கட்டுகிறார்கள். புகையை அளப்பதற்குக் காட்டும் கண்டிப்பை, அந்தப் புகைக்குக் காரணமான எரிபொருளை அளப்பதிலும் காட்டும்படி கேட்க எங்களுக்கு உரிமை உண்டு.

இவை நடக்கும்வரை உரிமையாளர் தன் கையில் உள்ளதைச் செய்யலாம். விளக்கு எரிந்தால் அணைக்க அவசரப்படாமல், முதலில் அது சொல்வதைப் படிக்கச் சொல்லுங்கள். அடுத்த தவணைக்காக வைத்திருக்கும் பணத்தை, சோதிக்காமல் சொல்லப்பட்ட ஒரு பாகத்துக்குக் கொடுக்காதீர்கள்.